விலையுயர்ந்த பவுண்டேஷனை நெல்லை வெயிலில் சோதித்து வாங்குவது எப்படி

மேக், எஸ்டீ லாடர், நார்ஸ், அர்மானி, டியோர் போன்ற நிறுவனங்களின் பவுண்டேஷன் (முகத்தின் நிறத்தைச் சீராக்கப் பூசும் ஒப்பனைத் திரவம்) 30 மில்லிக் குப்பி ஒன்று 3,000 ரூபாய்க்கு மேல் தொடங்கி, சிலவற்றில் 6,000 ரூபாயையும் தாண்டுகிறது. இவ்வளவு கொடுத்து வாங்கும் பொருளை, புறங்கையில் ஒரு சொட்டுத் தடவி, கடைக்கண்ணாடியின் முன் அரை நிமிடம் நின்று பார்த்து முடிவு செய்துவிடுகிறவர்களே அதிகம். கடையில் தெரியக்கூடியது நிறம் ஒன்றுதான். அதுவும் வெளிச்சம் சரியாக இருந்தால்தான். அந்தப் பவுண்டேஷன் நம் முகத்தில் எப்படிப் படியும், வியர்வையில் எந்த இடத்தில் முதலில் விலகும், மாலையில் எந்த நிறத்துக்கு மாறியிருக்கும் என்பனவெல்லாம் நம் ஊர் வெயிலில் ஒரு பகல் முழுவதும் போட்டிருந்தால்தான் தெரியவரும். ஆகவே நிறத்தைக் கடைவாசலிலும் தரத்தை வீட்டிலும் சோதிப்பது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே சரியான முறை.

'எண்ணெய்ப் பசைச் சருமத்துக்கு ஏற்றது' என்று குப்பியில் எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு நம் தட்பவெப்பமும் ஒரு காரணம். அக்னி நட்சத்திர நாள்களில் பாளையங்கோட்டையிலும் நெல்லை டவுனிலும் வெப்பம் 38, 39 பாகை செல்சியஸ் வரை ஏறுகிறது. ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியாக வரும் மேல்காற்று பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கங்களில் புழுதியோடு வீசி உதட்டையும் கன்னத்தையும் உலர்த்திவிடுகிறது. அதே நாள்களில்தான் குற்றாலத்திலும் செங்கோட்டையிலும் சாரல் அடிக்கிறது. 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆகிவிட்டாலும் காற்றுக்கும் சாரலுக்கும் அந்த எல்லைக்கோடு தெரியாது. உவரி, இடிந்தகரை போன்ற கடற்கரை ஊர்களிலோ காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் இருக்கின்றன. சித்திரையில் எண்ணெய் வடிகிற முகமே ஆடியில் மூக்கோரம் தோல் உரிந்து நிற்பதை இங்கே பலரும் கண்டிருப்பார்கள். எனவே எந்தப் பருவத்தில், எந்த ஊரில் அதிகம் போடப்போகிறீர்களோ அந்தப் பருவத்திலும் அந்த ஊரிலும் செய்யும் சோதனைக்கே மதிப்பு உண்டு. ஐப்பசியில் நடக்கும் திருமணத்துக்காக வைகாசியில் சோதித்து வாங்குவதில் பயன் குறைவு.

சருமத்தின் வகையை முதலில் அறிதல்

எண்ணெய் தேய்த்துக் குளிக்காத ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மிதமான ஃபேஸ்வாஷால் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றித் துடைத்து, கிரீம், பவுடர் எதுவும் போடாமல், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அதன்பின் வெள்ளை டிஷ்யூத் தாளைத் துண்டுகளாகக் கிழித்து நெற்றி, மூக்கு, இரண்டு கன்னங்கள், தாடை ஆகிய இடங்களில் தனித்தனியே அழுத்தி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எல்லாத் துண்டுகளிலும் எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடிபோல் தெரிந்தால் அது எண்ணெய்ப் பசைச் சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் ஊறிக் கன்னத்துத் தாள் உலர்ந்திருந்தால் கலப்புச் சருமம். எதிலும் எண்ணெய் இல்லாமல் முகம் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட சருமம். எண்ணெயும் அதிகமில்லை, இறுக்கமும் இல்லை என்றால் சாதாரணச் சருமம். அத்தகையவர்கள் இந்தக் கட்டுரையில் பாதியைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

இந்தச் சோதனையில் இரண்டு இடங்களில் ஏமாற வாய்ப்புண்டு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதால், நெற்றியின் மேல்விளிம்பில் ஒட்டும் எண்ணெய் முடியிலிருந்து இறங்கியதாக இருக்கலாம். புருவத்துக்குச் சற்று மேலேதான் தாளை அழுத்த வேண்டும். அடுத்து, ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் முகம் கழுவும் ஊர்களில், கழுவியவுடன் எந்தச் சருமமும் சிறிது நேரம் இறுகும். ஒரு மணி நேரம் கழித்தும் அந்த இறுக்கம் நீடித்தால் மட்டுமே அதை வறட்சி என்று கொள்ள வேண்டும்.

நிறம் பார்க்கப் போவதற்கு முன்

மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் சோதனைக்குச் சில நாள்கள் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். மஞ்சளின் சாயம் ஒரு குளியலில் முழுதாகப் போவதில்லை. அதன்மேல் பொருத்திப் பார்த்தால், உங்கள் இயல்பான நிறத்தைவிட மஞ்சள் தூக்கலான ஷேட் (நிறச்சாயல்) பொருந்துவதுபோல் தோன்றி, மஞ்சள் மங்கிய பிறகு அந்தப் பவுண்டேஷன் முகத்தில் தனியாகத் தெரியும். முகத்துக்கு பிளீச், ஃபேஷியல், த்ரெடிங் செய்த மறுநாளும் வேண்டாம். சருமம் சிவந்தும் எரிச்சலோடும் இருக்கும்போது எந்தப் பொருளும் தன் உண்மையான குணத்தைக் காட்டாது. ஆனித் தேரோட்டத்துக்காக ரதவீதிகளில் பகலெல்லாம் வெயிலில் நின்றவர்கள், கறுத்த முகம் தன் நிலைக்குத் திரும்பும்வரை பொறுத்திருப்பது நல்லது.

உயர்விலைப் பவுண்டேஷன்களின் தனிக் கவுண்டர்கள் பெரும்பாலும் பெருநகரங்களின் வணிக வளாகங்களில்தான் இருக்கின்றன. நெல்லையிலிருந்து அதற்கென்று ஒரு பயணம் போகிறவர்கள், அல்லது வேறு வேலையாகச் சென்னைக்கோ திருவனந்தபுரத்துக்கோ செல்லும்போது எட்டிப் பார்க்கிறவர்கள், முகத்தில் எதுவும் போடாமல் செல்ல வேண்டும். சன்ஸ்கிரீன்கூட மெல்லியதாக இருக்கட்டும். கழுத்தும் தோள்பட்டையின் மேற்பகுதியும் தெரியும் உடையாக இருந்தால் இன்னும் வசதி.

நிறத்தைச் சோதிக்கும் இடமும் முறையும்

புறங்கை, மணிக்கட்டு, முழங்கை மடிப்பு ஆகியவை நிறம் பார்ப்பதற்கு உரிய இடங்கள் அல்ல. நம்மில் பெரும்பாலோருக்குக் கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. முகத்திலும் நெற்றி கன்னத்தைவிடக் கறுத்திருக்கும், வாயைச் சுற்றி ஒரு வளையம் கறுத்திருக்கும், கண்ணுக்குக் கீழே வேறொரு நிறம் இருக்கும். ஸ்டிக்கர் பொட்டு வைத்து வைத்து நெற்றி நடுவில் தடம் விழுந்தவர்களும் உண்டு. இவற்றில் ஒன்றைப் பார்த்து ஷேட் எடுத்தால் மற்றவை மாறிப்போகும். ஆகவே கன்னத்தின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, தாடை எலும்பைத் தாண்டி, கழுத்தின் பக்கவாட்டில் முடியுமாறு, விரல் அகலத்தில் மூன்று ஷேட்களை அருகருகே கோடுகளாகத் தடவ வேண்டும். பொருந்தும் என்று நீங்கள் நினைப்பது நடுவில் இருக்கட்டும்; அதைவிட ஒரு படி வெளிறியது ஒருபுறம், ஒரு படி கறுத்தது மறுபுறம். கன்னத்திலும் கழுத்திலும் ஒரேபோல் மறைந்துபோகும் கோடுதான் உங்கள் ஷேட்.

தடவியவுடன் முடிவு செய்யாதீர்கள். கால் மணி நேரமாவது கழிய வேண்டும். இந்தப் பவுண்டேஷன்களில் பலவற்றில் ஆவியாகக்கூடிய சிலிக்கோன் இருக்கிறது; அது பறந்தபின் நிறமிகள் நெருங்கி அமர்வதாலும், சருமத்தின் எண்ணெய் அவற்றில் ஊறுவதாலும், போட்டபோது இருந்ததைவிட அரைப் படியோ ஒரு படியோ கறுத்துத் தெரியும். கடைக்காரர்கள் இதை 'ஆக்ஸிடைஸ் ஆகிறது' என்பார்கள். எண்ணெய்ப் பசை அதிகம் உள்ளவர்களிடம் இது கூடுதலாக நடக்கும். எனவே இரண்டு ஷேட்களுக்கு நடுவே தடுமாறும்போது, மணிக்கணக்கில் போட்டிருந்த பின் கண்ணில் படும் நிறத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தக் கால் மணி நேரத்தில் கடையை விட்டு வாசலுக்கு வாருங்கள். கவுண்டருக்கு மேலே இருக்கும் மஞ்சள் விளக்கு எந்த முகத்தையும் பொலிவாக்கிக் காட்டும் நோக்கத்தோடு பொருத்தப்பட்டது. நேர் வெயிலும் உதவாது. வெயில் படாத, ஆனால் வானத்து வெளிச்சம் விழும் இடமே ஏற்றது. கையடக்கக் கண்ணாடி ஒன்றைக் கையோடு கொண்டுபோவது, கைப்பேசிக் கேமராவை நம்புவதைவிட எவ்வளவோ மேல். கைப்பேசி தானாகவே முகத்தை வெளுப்பாக்கிக் காட்டிவிடுகிறது.

ஷேட் குறியீடுகளில் ஒரு குழப்பம் உண்டு. எஸ்டீ லாடரின் டபுள் வேர் வரிசையில் 4 டபிள்யூ 1, 5 டபிள்யூ 1 என்று வரும்போது முதல் எண் எவ்வளவு கறுப்பு என்பதையும், டபிள்யூ என்பது மஞ்சள் சார்ந்த நிறம் என்பதையும், சி என்பது சிவப்பு சார்ந்தது என்பதையும் குறிக்கும். மேக் நிறுவனத்திலோ இது தலைகீழ்: அங்கே மஞ்சள் சார்ந்த சருமத்துக்கு உரியது என்சி, சிவப்பு சார்ந்த சருமத்துக்கு உரியது என்டபிள்யூ. ஒன்றில் பழகியவர் அதே எழுத்தை மற்றொன்றில் கேட்டு வாங்கினால் முகம் இளஞ்சிவப்பாகத் தெரியும். மேக்கில் மாநிறத்தவர்கள் என்சி 42 அருகிலும், அதைவிடக் கறுத்தவர்கள் என்சி 45, 50 அருகிலும் தேடத் தொடங்கலாம். அது தொடங்குமிடம் மட்டுமே. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து அண்டர்டோனை, அதாவது சருமத்தின் அடிநிறம் மஞ்சள் சார்ந்ததா சிவப்பு சார்ந்ததா என்பதை, கண்டுபிடிக்கும் முறை நம் நிறத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. மாநிறத்தில் எல்லா நரம்பும் பச்சையாகவே தெரியும். அதற்குப் பதிலாக, ஒரே அளவு கறுப்புள்ள இரண்டு ஷேட்களில் ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு என்று எடுத்துத் தாடையில் அருகருகே தடவினால், எது தனித்து நிற்கிறது என்பது உடனே விளங்கிவிடும்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். "அக்கா, இதைவிட ஒரு ஷேட் ஏத்திப் போட்டா பளிச்சுன்னு இருக்கும்" என்று கவுண்டரில் நிற்கும் பெண் சொல்வதைக் கேட்காதவர்கள் குறைவு. கூடவரும் அத்தையும் மதினியும் அதையே சொல்வார்கள். ஒரு படி வெளிறிய பவுண்டேஷன் யாரையும் சிவப்பாக்குவதில்லை; நிறமிகளில் உள்ள டைட்டானியம் டைஆக்ஸைடின் வெண்மை மாநிறத்தின் மேல் சாம்பல் பூத்துத் தெரியும், கழுத்தும் காதும் தனியே கறுத்து நிற்கும். கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் முகம் ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாக இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு படிதான். கறுத்த நிறத்துக்குச் சரியான ஷேட்டே கிடைக்காமல் இருந்த காலத்தில் இதற்கு ஒரு சமாதானம் சொல்லலாம். 2017-இல் ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்தில் 40 ஷேட்களோடு வந்த பிறகு, மற்ற நிறுவனங்களும் கறுத்த நிறங்களின் வரிசையை நீட்டிவிட்டன. இன்று அந்தச் சமாதானத்துக்கு இடமில்லை. உங்களுக்கு உரிய ஷேட் அந்தக் கவுண்டரில் இருப்பு இல்லையென்றால், இருப்பதை வாங்காமல் திரும்புங்கள்.

கவுண்டரில் எல்லோரும் போட்டுப் பார்ப்பதற்காக வைத்திருக்கும் டெஸ்டர் குப்பியை நேராக முகத்தில் வைத்துத் தேய்க்கக் கூடாது. பலர் கைபட்ட பொருள் அது. சுத்தமான ஸ்பேச்சுலாவில் எடுத்துத் தரச் சொல்லி, உங்கள் கையைக் கழுவிவிட்டு, அதிலிருந்து விரலால் தொட்டுத் தடவுங்கள்.

மாதிரி கேட்டு வாங்குதல்

நிறம் உறுதியானதும் குப்பியை வாங்கிவிடாமல், சிறு டப்பியில் கொஞ்சம் ஊற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, கவுண்டர்களில் இது புதிய கோரிக்கை அல்ல. தர மறுத்தால், அதே பவுண்டேஷனின் சிறிய அளவுக் குப்பி கிடைக்கிறதா என்று பார்க்கலாம். மில்லிக்கு மில்லி கணக்குப் பார்த்தால் சிறிய குப்பியின் விலை அதிகம்தான். ஆனால் திறந்துவிட்ட பெரிய குப்பியைப் பெரும்பாலான கடைகள் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

முகத்தில் ஒரு நாள் முழுவதும் போடுவதற்கு முன் ஒவ்வாமைச் சோதனை செய்வது எல்லோருக்கும் நல்லது. முகப்பரு, அரிப்பு, எளிதில் சிவக்கும் சருமம் உள்ளவர்களுக்கு அது கட்டாயம். முழங்கையின் உள்மடிப்பில் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் தினமும் இரண்டு வேளை தடவி, 7 முதல் 10 நாள்கள் வரை கவனிக்கும்படி தோல் மருத்துவர்கள் கூறுகிறார்கள். ஒரே இரவில் ஒன்றும் ஆகவில்லை என்பது போதுமான சான்று அல்ல. வாசனைப் பொருள்களாலும் பதப்படுத்திகளாலும் வரும் ஒவ்வாமை பல நாள் கழித்தும் தலைகாட்டும். 'நான்-காமெடோஜெனிக்' (மயிர்த்துளைகளை அடைக்காதது) என்று லேபிளில் இருப்பதற்கு அரசு வகுத்த அளவுகோல் எதுவும் இல்லை என்பதால், பரு வரும் முகத்தில் அந்தச் சொல்லை ஓர் உத்தரவாதமாகக் கொள்ள வேண்டாம்.

வீட்டில் ஒரு பகல்

வெளியே போய் வர வேண்டிய ஒரு நாளாகப் பார்த்து, காலை 9 மணிவாக்கில் தொடங்குங்கள். வழக்கமாகப் போடும் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் இரண்டையும் போட்டு, அவை உள்வாங்கக் கால் மணி நேரம் விடுங்கள். பவுண்டேஷனில் வெயில் பாதுகாப்பைக் குறிக்கும் எஸ்பிஎஃப் 15 என்று எழுதியிருப்பதால் சன்ஸ்கிரீனை விட்டுவிடக் கூடாது. அந்த எண்ணை ஆய்வகத்தில் அளப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கனத்தில். அவ்வளவு கனமாகப் பவுண்டேஷனை யாரும் பூசுவதில்லை.

அதன்பின் எந்தக் கருவியால் தினமும் பூசுவீர்களோ அதனாலேயே பூசுங்கள். கவுண்டரில் தேர்ந்த கை பிரஷ்ஷால் பூசிவிட்டது நன்றாக இருந்தது என்பது, வீட்டில் விரலால் பூசும் உங்களுக்கு எதையும் சொல்வதில்லை. இரண்டு மாதிரிகள் கைவசம் இருந்தால் மூக்குத்தண்டை எல்லையாகக் கொண்டு பாதி முகத்தில் ஒன்றும் மறுபாதியில் மற்றொன்றுமாகப் பூசுவதே மிகச் சிறந்த ஒப்பீடு. ஒரே வெயில், ஒரே வியர்வை, ஒரே சருமம். அளவு குறைவாக இருக்கட்டும். முதல் நாளில் காம்பாக்ட் பவுடர் போட வேண்டாம். பவுடர் போட்டால் எது பவுண்டேஷனின் திறமை, எது பவுடரின் திறமை என்று பிரித்தறிய முடியாது.

பூசி அரை மணி நேரத்தில் ஒருமுறை ஜன்னலோரம் நின்று பாருங்கள்: மூக்கோரம், புருவ நடுவு, உதட்டுக்கு மேலே, சிரித்தால் விழும் கோடு. பிறகு உங்கள் வேலையைப் பாருங்கள். ஜங்ஷனில் பேருந்துக்கு நில்லுங்கள், வண்ணார்பேட்டை வரை ஆட்டோவில் சென்று வாருங்கள், மதியம் சூடான ரசத்தோடு சாப்பிடுங்கள். இலையில் விழும் சாதத்தின் ஆவி உதட்டுக்கு மேலுள்ள பகுதிக்கு ஒரு கடுமையான சோதனை. எந்த விளம்பரத்திலும் அதைச் சேர்த்திருக்க மாட்டார்கள்.

நான்கு மணி நேரம் ஆனதும் டிஷ்யூத் தாளை மூக்கின் மேல் வைத்து, தேய்க்காமல், ஐந்து எண்ணும்வரை அழுத்தி எடுத்துப் பாருங்கள். தாளில் எண்ணெய் மட்டும் ஊறி, நிறம் லேசாகப் படிந்திருந்தால் பவுண்டேஷன் பிடித்து நிற்கிறது. மூக்கின் வடிவம் அப்படியே பழுப்பாகப் பதிந்து, அதற்குள் மயிர்த்துளைகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தால், எண்ணெய் கீழிருந்து பவுண்டேஷனைத் தூக்கிவிட்டது என்று பொருள். தாள் சுத்தமாக வந்தும் மூக்கோரத்தில் பொருக்குப் பொருக்காக நின்றால் சிக்கல் எண்ணெயில் இல்லை, வறட்சியில் இருக்கிறது. இந்த ஒரு தாள் சொல்வதை எந்தப் பரிந்துரையும் சொல்லிவிட முடியாது.

மாலையில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு, இருட்டிய அறையில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். டைட்டானியம் டைஆக்ஸைடும் துத்தநாக ஆக்ஸைடும் அதிகம் உள்ள பொருள்கள் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பியடித்து முகத்தை வெளிறச் செய்யும். நாள்தோறும் அலுவலகம் போகிறவருக்கு இது பொருட்டல்ல. வரவேற்பு மேடையில் ஒளிப்படக்காரரின் முன் நிற்கப்போகிறவர் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. கடைசியாக, கழுவும்போதும் கவனியுங்கள். நீண்ட நேரம் நிற்கும் பவுண்டேஷன்களைச் சோப்பு மட்டும் போட்டு அகற்ற முடியாது. அழுத்தித் தேய்த்தால்தான் போகிறது என்றால், தினமும் அவ்வளவு தேய்ப்பைச் சருமம் தாங்குமா என்று யோசிக்க வேண்டும். தேங்காய் எண்ணெயால் துடைத்தெடுப்பது எளிது. ஆனால் அது மயிர்த்துளைகளை அடைக்கக்கூடியது, ஆகவே பரு வரும் முகத்துக்கு ஒத்துவராது.

சருமத்துக்கு ஏற்பப் பார்க்க வேண்டியவை

எண்ணெய்ப் பசைச் சருமத்தினருக்கு டபுள் வேர், மேக் ஸ்டூடியோ ஃபிக்ஸ் ஃப்ளூயிட் போன்ற, மினுமினுப்பில்லாத மேட் வகைகளைத்தான் கவுண்டரில் முதலில் எடுத்துத் தருவார்கள். 1997 முதல் விற்பனையில் இருக்கும் டபுள் வேர் விரைவாக உலர்ந்து இறுகிவிடுவது; நெற்றி, கன்னம், தாடை என்று பகுதி பகுதியாகப் பூசிப் பரப்ப வேண்டும், முழு முகத்திலும் புள்ளி வைத்துவிட்டுப் பிறகு பரப்பினால் திட்டுத் திட்டாக நிற்கும். இத்தகையவர்கள் உச்சிவெயில் கடந்த நேரத்து முகத்தை வைத்தே முடிவெடுக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி அணிகிறவர்கள் அது அமரும் இரண்டு இடங்களையும் பாருங்கள். அங்கே முற்றிலும் வழிந்துவிட்டால் மற்ற இடங்களிலும் அதிக நேரம் நிற்காது. ஆனால் எண்ணெய் வழிகிறது என்பதற்காக மாய்ஸ்சரைசரை விட்டுவிட்டு மேட் பவுண்டேஷனை மட்டும் பூசுவதை நான் ஏற்கமாட்டேன். ஆடிக்காற்றில் எண்ணெய்ப் பசை முகமும் மேலே எண்ணெயும் கீழே வறட்சியுமாகத்தான் இருக்கும்.

வறண்ட சருமத்தினர் இதே மேட் வகைகளைத் தொட்டால், காலையில் அழகாக இருந்தது மதியத்தில் கண்ணுக்குக் கீழே வெடிப்பு வெடிப்பாகத் தெரியும். அர்மானி லூமினஸ் சில்க், நார்ஸ் ஷீர் க்ளோ போன்ற, மினுமினுப்பைச் சற்று விட்டுவைக்கும் வகைகளை இவர்கள் சோதிக்கலாம். குளிர்சாதன அறையில் சில மணி நேரமாவது இருந்து பார்ப்பது இவர்களுக்கு வெயிலைவிடத் தேவையான சோதனை. லேபிளில் சருமத்தை உலர்த்தக்கூடிய ஆல்கஹால் டீநேச்சர்டு என்பது முதல் சில பெயர்களுக்குள் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். பொருள்களின் பட்டியல் அளவு அதிகமானதிலிருந்து குறைவானதற்கு என்ற வரிசையில்தான் அச்சிடப்படுகிறது.

கலப்புச் சருமத்தினரே நம்மிடம் அதிகம். அவர்கள் ஒரே பவுண்டேஷன் முகம் முழுவதற்கும் பொருந்த வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கன்னத்துக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து, மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் பவுடரால் சரிக்கட்டிக்கொள்வது என் அனுபவத்தில் எளிய வழி. மூக்குக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துக் கன்னத்து வறட்சியைச் சரிக்கட்டுவது அவ்வளவு எளிதல்ல.

முகத்தில் கரும்பழுப்புத் திட்டாகப் படரும் மங்கு உள்ளவர்கள் அதை முழுவதும் மறைக்கும் அளவுக்குப் பவுண்டேஷனைக் கனமாகப் பூசிச் சோதிக்கக் கூடாது. மங்கு மேல் ஆரஞ்சு சார்ந்த கரெக்டரை (கறுத்த இடத்தின் நிறத்தைச் சமன்செய்யும் பூச்சு) மெல்லியதாக ஒற்றிவிட்டு, அதன்மேல் வழக்கமான அளவு பவுண்டேஷனைப் போட்டுப் பார்ப்பதே முறை. அப்போதுதான் அந்தப் பவுண்டேஷனின் உண்மையான மறைக்கும் திறன் தெரியும்.

பிரைமரோடு ஒத்துப்போகிறதா

பவுண்டேஷன் நல்லது, அதற்கு முன் அடிப்பூச்சாகப் போடும் பிரைமர் நல்லது, இரண்டும் சேர்ந்தால் முகத்தில் உருண்டை உருண்டையாக உதிர்கிறது என்று சொல்கிறவர்கள் உண்டு. தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஒன்றின் மேல் சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்டது அமர மறுப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். லேபிளின் முதல் சில பெயர்கள் டைமெத்திகோன் போலக் 'கோன்' என்றோ, 'சிலாக்ஸேன்' என்றோ முடிந்தால் அது சிலிக்கோன் வகை. பெயர் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் புறங்கையில் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து விரலால் குழைத்துப் பாருங்கள். ஒன்றாகக் கலந்து வழவழப்பாக நின்றால் கவலையில்லை. திரிந்த பாலைப்போல நீர் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்தால், முகத்திலும் அதுவே நடக்கும். சன்ஸ்கிரீனோடும் இதே சோதனையைச் செய்யலாம்.

குப்பியை வாங்கும்போது

வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிடம் சொல்லி வாங்குவது நம் ஊர்களில் வழக்கம். நிறத்தை இங்கே சோதித்து உறுதிசெய்து, நிறுவனத்தின் பெயர், வகையின் பெயர், ஷேட்டின் எண் மூன்றையும் எழுதி அனுப்பினால் அதில் தவறில்லை. 'மாநிறத்துக்கு ஏற்றதாக ஒன்று' என்று சொல்லி அனுப்பினால் வருவது அநேகமாக உங்களுக்கு ஒரு படி வெளிறியதாகவே இருக்கும். ஒரே நிறுவனத்தில்கூட ஒரு வகையின் ஷேட் எண் மற்றொரு வகைக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தியாவில் சட்டப்படி இறக்குமதியான அழகுசாதனப் பொருளின் அட்டையில், 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, பதிவுச் சான்றிதழ் எண்ணும் அதைப் பெற்றவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் 'மேக்'கும் 'டியோரு'ம் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றை முகத்தில் சோதிப்பதற்கே இடமில்லை. மூடி திறந்த டப்பி போன்ற சிறு படத்துக்குள் 12 அல்லது 24 என்ற எண்ணோடு 'எம்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். திறந்ததிலிருந்து அத்தனை மாதங்கள் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். திறந்த தேதியைக் குப்பியின் அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். வெயில் விழும் ஜன்னலோரத்திலும், கோடையில் நிறுத்திவைத்த காருக்குள்ளும் குப்பியை வைக்க வேண்டாம்; சூட்டில் எண்ணெயும் நிறமியும் பிரிந்து, குலுக்கினாலும் சேராத நிலைக்குப் போய்விடும். குலுக்கிய பிறகும் நிறம் திட்டாக வந்தாலோ, வாங்கியபோது இல்லாத வாடை வந்தாலோ, மாதக் கணக்கு முடியாவிட்டாலும் அதை எறிந்துவிட வேண்டியதுதான்.